பக்கத்தில் நிற்பவர்

ஆன்லைனில் தொழில் கற்பதா, நேரில் கற்பதா என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் ஃபோன் வாங்குவது போலத்தான் கேட்கிறோம். எது விலை குறைவு, எது சீக்கிரம் முடியும், எதற்கு வேலை கிடைக்கும். எனக்கோ இதில் ஓர் அறக்கேள்வி இருப்பதாகப் படுகிறது: கற்றுக்கொள்பவர் செய்யும் தவறுக்கு யார் பொறுப்பு?

வெல்டிங்கை எடுத்துக்கொள்வோம். யூடியூபில் தமிழிலேயே பாடங்கள் இருக்கின்றன. எந்தத் தகட்டுக்கு எத்தனை ஆம்பியர், ராடை எந்தச் சாய்வில் பிடிப்பது, ராடின் நுனிக்கும் இரும்புக்கும் எவ்வளவு இடைவெளி, எல்லாம் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ராடு எரிய எரியக் குட்டையாகிக்கொண்டே போகும். கை அதே வேகத்தில் இறங்கவும் வேண்டும், கூடவே நகரவும் வேண்டும். கறுப்புக் கண்ணாடி வழியாகப் புதியவருக்கு ஒன்றும் பிடிபடாது. காதுதான் துணை. இடைவெளி சரியாக இருந்தால் எண்ணெயில் ஏதோ பொரிவது போலச் சீரான சத்தம் வரும். கூடினால் சத்தம் உடையும், பொறி தெறிக்கும். குறைந்தால் ராடு ஒட்டிக்கொள்ளும்.

என் சித்தப்பா மகன் பட்டறையில் கற்றவன். அவனுடைய மேஸ்திரி பெரிதாக விளக்கமெல்லாம் சொன்னதில்லையாம். அந்தப் பக்கம் வேறு வேலையில் இருப்பார், திரும்பிக்கூடப் பார்க்காமல் "சத்தம் சரியில்லடா, கிட்ட கொண்டு போ" என்பாராம். வீடியோவிலும் சத்தம் கேட்கும்தான். ஆனால் அது வீடியோக்காரரின் சத்தம். நம்முடையதைக் கேட்க அங்கே ஆள் இல்லை.

வேதியியலிலிருந்து தத்துவத்துக்கு வந்த மைக்கேல் போலான்யி, 1958இல் வெளியான 'பெர்சனல் நாலெட்ஜ்' நூலில் இதைப் பேசுகிறார். சைக்கிள் ஓட்டுபவருக்கு விழாமல் ஓட்டத் தெரியும், எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அப்படிப்பட்ட அறிவு ஒருவர் செய்வதை இன்னொருவர் கூடவே இருந்து பார்த்துத்தான் கைமாறும். அதற்குச் சீடன் குருவின் அதிகாரத்தை ஏற்றாக வேண்டும் என்கிறார்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. பக்கத்தில் நிற்க யாரை விடுகிறார்கள்? ஏகலைவன் நேரில் கற்கத்தான் போனான். வேடர் குலத்தவன் என்று துரோணர் மறுத்தார். மண்ணில் குருவின் உருவம் செய்து, அதன் முன் தானே பழகினான். ஒருநாள்கூட அவன் பக்கத்தில் நின்று திருத்தாத குரு, கட்டைவிரல் கேட்க மட்டும் நேரில் வந்தார். இன்றைக்கு ஒரு பெண் பட்டறைக்குப் போய் "அண்ணா, எனக்கும் கத்துக்குடுங்க"ன்னு கேட்டால் என்ன பதில் வரும்? "எந்த ஊரு, யாரு வீட்டுப் பையன்" என்ற விசாரணையில் எத்தனை பேர் வாசலோடு திரும்பியிருப்பார்கள்?

வீடியோ அதைக் கேட்பதில்லை. எனக்குச் சோறு போடும் பைதானை நான் ஃபோனில்தான் கற்றேன். ஒரே பாடத்தைப் பத்து தடவை ஓட்டினேன், "இதுகூடப் புரியலையா" என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல், நுழைவுத்தேர்வில் வெளியே நின்றவர்களுக்கும் அந்த வகுப்புகளைத் திறந்துவிட்டது. குருகுலத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் உள்ளே விடப்பட்டவர்கள்தான்.

ஆனால் என் தொழிலில் ஒரு வசதி உண்டு. தப்பாக எழுதினால் பெரும்பாலும் கணினியே எரர் காட்டி நிறுத்திவிடும். கற்கும்போது என் தவறு என்னோடு முடிந்தது. வெல்டிங் அப்படியில்லை. மேலே வழவழப்பாக இருக்கும் இணைப்பின் உள்ளே கசடு தங்கியிருக்கலாம், ஓட்டை இருக்கலாம். அது மாடி கிரில்லாக மாறி, சில வருடங்கள் கழித்து அதில் ஒரு குழந்தை சாய்ந்து நிற்கும்போது விட்டுப்போகலாம். அந்தக் குழந்தை பட்டறையில் இல்லை. அதன் சார்பில் அங்கே நிற்பவர் மேஸ்திரி. அவர் அதிகாரத்துக்கு நியாயம் இருக்கிறது என்றால் அது இது ஒன்றுதான். டீ வாங்கிவரச் சொல்வதும் பளார் என்று அறைவதும் இந்தக் கணக்கில் வராது.

ஆகவே இரண்டில் எது சிறந்தது என்பதைத் தொழிலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தவறு உடனே தெரிந்து, தன்னோடு முடியும் என்றால் திரையே போதும். தவறு மறைந்திருந்து வேறொருவர் தலையில் விழும் என்றால் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் கிடைப்பது சாதியையும் பாலினத்தையும் பொறுத்து இருக்கக்கூடாது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், கற்றுக்கொடுப்பதைப் பெரிய நிறுவனங்களுக்குக் கடமையாக்கியது. தெருமுனைப் பட்டறைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே இன்னமும் ஒருவர் மனசு வைத்தால்தான் உண்டு.

வீடியோ பார்த்துப் பாதி கற்றுவிட்டு வாசலில் வந்து நிற்பவரை, கொஞ்சம் தொழில் தெரிந்த நாம் என்ன செய்கிறோம்?