செய்யாத குற்றத்துக்குத் தண்டம் கட்டலாமா?

தோட்டப் பகுதிகளில் முச்சக்கரவண்டி ஓட்டிப் பிழைக்கும் இளைஞர் பலர் மனத்தில் கிடந்து உறுத்தும் கேள்வி இது. பார்வைக்குச் சிறியதுதான். ஆனால் உண்மைக்கும் பிழைப்புக்கும் இடையே ஓர் ஏழை நாள்தோறும் அகப்பட்டுக்கொள்ளும் இடம் இதுவே.

நிலைமையை எடுத்துக்கொள்வோம். இறக்குவானைப் பக்கத்திலோ தெரணியகலைப் பக்கத்திலோ இருந்து ஒருவர் டவுனுக்கு ஆள் ஏற்றிச் செல்கிறார். பொலிஸார் மறிக்கின்றனர். வெள்ளைக் கோட்டைத் தாண்டியதாகச் சொல்கின்றனர். தாண்டவில்லை என்பது அவருக்கு நிச்சயம். எனினும் லைசன் பறிபோகிறது. சிங்களத்தில் நிரப்பிய தண்டப்பத்திரம் ஒன்று கைக்கு வருகிறது. 14 நாட்களுக்கு அந்தத் தாளே தற்காலிக அனுமதிப்பத்திரம். அதற்குள் தபாற்கந்தோரில் பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்தில் காட்டினால் லைசன் திரும்பும். 14 நாள் கடந்தால் 28ஆம் நாள்வரை தண்டம் இரட்டிப்பு. அதற்கும் பின் நீதவான் நீதிமன்றம். (குடித்துவிட்டு ஓட்டியவர், லைசனே இல்லாமல் ஓட்டியவர் முதலியோருக்குத் தபாற்கந்தோர் வழியில்லை, அவர்கள் நேரே நீதவான் முன்தான் நிற்க வேண்டும்.)

“நான் குற்றம் செய்யவில்லை” என்பவருக்கும் வழி அந்த நீதிமன்றமே. பணத்தைக் கட்டாமல், குறித்த தவணைக்குச் சென்று, குற்றத்தை மறுத்து, விசாரணை கேட்க வேண்டும். சட்டம் கதவைச் சாத்தவில்லை. ஆனால் கதவுக்குப் போகும் பாதை நீளம். பஸ் காசு, ஒரு நாள் ஓட்டம், சட்டத்தரணிக்குக் கூலி; வழக்குத் தள்ளிப்போனால் இன்னொரு நாள். வண்டி லீசிங்கில் எடுத்ததானால் மாதக்கட்டணம் எவருக்காகவும் காத்திராது. ஆகவே அனுபவசாலிகள் சொல்லும் புத்தி, “கட்டித் தொலைத்துவிடு தம்பி” என்பதே.

அப்படிக் கட்டுகிறவர் பொய்யரா? அல்லர் என்பதே நம் கருத்து. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமென்று வழக்கைத் தவிர்ப்பவர், தமக்கு நேர்ந்த அநியாயத்தைப் பொறுத்துக்கொள்கிறார். அதை நியாயமென்று சொல்லவில்லை. ஆனால் நீதிமன்றக் கூண்டில் நின்று, செய்யாததைச் செய்தேன் என்று வாயால் ஒப்புக்கொள்வது வேறு. அங்கே மனிதன் பணத்தை மட்டுமல்ல, வார்த்தையையும் கொடுக்கிறான். குற்றம் சாட்டப்பட்டவன், சட்டப்படி கேட்கும் நீதிபதியிடம் பொய் கூறித் தப்பக்கூடாதென்று புனித தோமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். பொய் கூறித் தண்டனை வாங்குவதற்கும் அந்த நியாயம் பொருந்தும் அன்றோ? கோட்டை உண்மையிலேயே தாண்டியவர் “கண்ட சாட்சி யார்?” என்று வாதாடுவதற்கும் அது பொருந்தும் என்பதை நம் இளைஞர் மறக்கலாகாது.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அதுவே மிகச் சுலபமானது. மடித்த நோட்டு. அது சமாதானத்தை விலைக்கு வாங்குவது ஆகாது. எதிரே நிற்பவரையும் குற்றத்துக்கு இழுப்பதாகும். இலஞ்சம் கொடுத்தவரும் குற்றவாளியே என்று 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டம் சொன்னது. 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டமும் அதையே சொல்கிறது.

வண்டியையே பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? பொலிஸ் நிலைய முற்றத்தில் அது மழையில் நனைந்து துருவேறுவதைக் கண்டு பதறி, “நான் எடுத்துத் தருகிறேன்” என்று வரும் இடைத்தரகரிடம் பலர் காசை இழக்கின்றனர். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, பொலிஸார் கைப்பற்றிய பொருளைப்பற்றி நீதவானுக்கு உடனே அறிவிக்க வேண்டும். உரியவரிடம் ஒப்படைக்கக் கட்டளையிடுபவர் நீதவானே. பதிவுப் புத்தகத்தோடு அங்கே விண்ணப்பிப்பதே முறை. சட்டத்தரணிக்கு வசதியில்லாதவருக்கென 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு உண்டு.

இவ்வளவு இருந்தும் நம்மவர் ஏன் வாய் திறப்பதில்லை? கோழைத்தனம் என்று வெளியார் சொல்வர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் பாட்டன்மாரை நாடற்றவர் ஆக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலை எண்ணிப் பங்கிட்டது. எஞ்சியோரின் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. பிரஜையென்ற பத்திரமே இல்லாதவன் பொலிஸ்காரரிடம் நியாயம் பேசுவானா? வாயை மூடிக்கொள்வதே அன்று தற்காப்பு. பத்திரம் வந்த பின்னரும் அந்தப் பழக்கம் லயத்தை விட்டு வெளியேறவில்லை.

பிலிப்பி நகரில் புனித சின்னப்பரை விசாரணையின்றி அடித்துச் சிறையிட்டனர். மறுநாள் சத்தமின்றிப் போய்விடும்படி அதிகாரிகள் ஆளனுப்பினர். அவர் போகவில்லை. தாம் உரோமைக் குடிமகன் என்பதைச் சொல்லி, அவர்களே நேரில் வந்து வெளியே அழைத்துச் செல்லவேண்டும் என்றார், வந்தார்கள். வீம்புக்காக அவர் அப்படிச் செய்தார் என்று நாம் கொள்ளவில்லை. அந்நகரில் அவர் விட்டுச்செல்லவிருந்த எளிய விசுவாசிகள் மேல் அடுத்த முறை கை ஓங்குமுன் அதிகாரிகள் சற்று யோசித்திருப்பார்கள் அல்லவா?

ஆதலால் எதிர்த்து வழக்காடும் கடமை எல்லாருக்கும் ஒரே அளவினது அன்று. நாளுக்கு நாள் உழைத்து உண்பவரிடம் அதைக் கேட்பது கொடுமை. மூன்று வண்டி வைத்திருக்கும் முதலாளி, மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியர், சந்தா வாங்கும் தொழிற்சங்கம் ஆகியோரிடம் கேட்பதே நியாயம். ஒரு நாள் இழப்பைத் தாங்கக்கூடியவரும் “கட்டித் தொலைத்துவிட்டால்”, தாங்க முடியாதவர் மேல் அடுத்த தண்டப்பத்திரம் இன்னும் எளிதாக எழுதப்படும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க நமக்கு உரிமை உண்டு. வாசிக்கத் தெரியாத தாளில் ஒப்பமிட வேண்டாம். சபரகமுவை நீதிமன்றங்களின் மொழி சிங்களம். ஆயினும் 1988இல் வந்த அரசியலமைப்பின் 16ஆம் திருத்தத்தின்படி, அம்மொழி அறியாதவருக்கு அரசாங்கமே மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் இல்லாத நாளில், வழக்கைத் தள்ளிவைக்கும்படி நீதவானைக் கேட்கலாம். அப்படித் தள்ளிவைக்கும் தவணைக்கும் பஸ் ஏறி வரவேண்டியவர் அதே சாரதிதான். அன்றைய ஓட்டமும் அவருக்கு இல்லை.