பிரிப்பதும் ஒரு வழிபாடே

பெரியவர்கள் காலமான வீட்டில் நகையும் பாத்திரமும் பங்கு பிரிந்துவிடும். பாதியில் நின்ற கைவேலைக்குப் பங்கு கேட்டு ஆள் வருவதில்லை. பெரியம்மாவின் உல்லன் நூல் பை அப்படித்தான் எங்களிடம் வந்து சேர்ந்தது. உள்ளே அரக்கு நிறத்தில் ஒரு சால்வை, பாதி வளர்ந்திருந்தது. கடைசிக் கண்ணியில் குரோஷா ஊசி கோத்தபடியே இருந்தது.

இப்படிப்பட்ட பொருளைத் தொடவே தயக்கம் வரும். முடிக்கலாம் என்றால் அவர் கையின் இறுக்கம் நமக்கு வராது; நம் வரிசை எங்கே தொடங்கியது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். பிரிக்கலாம் என்றால் அவரையே கலைப்பதுபோல மனம் பதறும். கடைசியில் பரணில் ஏற்றிவிடுகிறோம். பக்தி என்று நினைத்து நாம் பூட்டி வைப்பதைப் பூச்சி அரித்துவிடுகிறது.

குரோஷா வேலைக்கு ஒரு குணம் உண்டு. எத்தனை வரிசை போட்டிருந்தாலும் ஊசியில் உயிரோடு நிற்பது ஒரே ஒரு கண்ணிதான். வேலை முடிந்ததும் நூலை வெட்டி, நுனியை அந்தக் கண்ணிக்குள் இழுத்து இறுக்கிவிட்டால் பிறகு எளிதில் பிரியாது. முடியாத வேலையிலோ அந்தக் கண்ணி திறந்தே இருக்கிறது. ஊசியை உருவி நூலை இழுத்தால், கடைசியில் போட்டது முதலாகப் பிரிந்து வரும். அவசரப்பட்டால் சிக்கு விழும். ஜபமாலை உருட்டும் நிதானம் வேண்டும். ஓரிடத்தில் கண்ணி ஒன்று கூடுதலாக விழுந்திருக்கும். இன்னோரிடத்தில் பழைய கண்டு தீர்ந்து புதியதை ஒட்டிய முடிச்சு தட்டுப்படும். அங்கெல்லாம் கை தானாக நிற்கும். அவர் உட்கார்ந்து பின்னிய சாயங்காலங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கும்பிடுகிறோம்.

பிரிந்த நூல் பழைய வளைவை மறக்காமல் சுருண்டு நிற்கும். நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டிக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, நீரை மெல்ல ஒற்றி எடுத்து நிழலில் தொங்கவிட வேண்டும். ஆட்டு ரோம நூலானால் காய்வதற்குள் பெரும்பாலும் நேராகிவிடும். உருதான் போயிற்று, நூல் அப்படியே இருக்கிறது.

அந்த நூலை இனி என்ன செய்வது? அறுபத்துமூவரில் நேச நாயனார் நெசவு செய்தவர், காம்பீலியில் பிறந்தவர். மனத்தின் செயலைச் சிவன் திருவடிக்கும், வாக்கின் செயலை ஐந்தெழுத்துக்கும், கைத்தொழிலை அடியாருக்கும் ஆக்கியவர் என்று பெரியபுராணம் அவரைப் போற்றுகிறது. உடையும், அரையில் கட்டும் கீளும், கோவணமும் நெய்து, தேடி வந்த அடியாருக்குக் கொடுத்தார். நெய்தது ஓர் உடம்பைச் சேர்ந்தபோதுதான் அது தொண்டாயிற்று.

பெரியம்மா அந்தச் சால்வையை யாருக்காகத் தொடங்கினார் என்று சொல்லாமலே போய்விட்டார். யாரோ ஒருவருக்குக் குளிரக் கூடாது என்று நினைத்துத்தான் தொடங்கியிருப்பார். அந்த நினைப்புதான் அவர் விட்டுச்சென்ற சொத்து. சால்வையாகத் தொடங்கியது ஒரு பச்சைக் குழந்தையின் குல்லாவாக முடிந்தாலும் அந்த நினைப்பு நிறைவேறிவிடுகிறது.

உங்கள் பரணிலும் அப்படி ஒரு பை இருக்கலாம். மார்கழிக் குளிருக்கு முன்பே அதை இறக்குங்கள். முடிக்கக் கைவந்தால் முடியுங்கள். இல்லையென்றால் கூசாமல் பிரித்து, புதிதாகப் பின்னி, போர்த்திக்கொள்ள வழியில்லாத ஒருவருக்குக் கொடுங்கள். போனவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய கடன்களில் இதுவும் ஒன்று.