உடையவன் உரிமை எதுவரை?

'உடைமை' என்னும் சொல்லை நாள்தோறும் வழங்குகிறோம். அதன் பொருளை நின்று எண்ணிப் பார்ப்பதில்லை. வீடு, நிலம், நகை, வண்டி என்பனவே இன்று அச்சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் வருவன. திருக்குறளைப் புரட்டிப் பார்த்தால் 'உடைமை' என முடியும் தலைப்புகள் பத்து அதிகாரங்களுக்கு அமைந்திருக்கக் காணலாம். அன்புடைமை முதல் நாணுடைமை ஈறாக அவை அனைத்தும் பண்புகளையே குறிக்கின்றன. கையால் தொட்டு விலை பேசத்தக்க பொருள் ஒன்றுகூட அவற்றுள் இல்லை. பண்பை உடையவன் அப்பண்பினால் ஆளப்படுகிறான். பொருளை உடையவனோ தான் அதனை ஆள்வதாக எண்ணிக்கொள்கிறான். இந்த எண்ணம் எந்த அளவிற்குச் சரி? என் பணத்தால் வாங்கிய பொருளை என் விருப்பம்போல் மாற்றிக்கொள்ள எனக்கு உரிமை உண்டா? உண்டென்றால் அவ்வுரிமை எதுவரை செல்லும்?

இவ்வினாவை ஒரு மோட்டார் சைக்கிளை வைத்து ஆராயப் புகுகிறேன். இலக்கிய மலரில் எண்ணெய்க் கறையா என்று அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டா. தத்துவம் பேசியவர்களுக்கு வண்டி என்றுமே உதவியிருக்கிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

நான் வைத்திருப்பது தார்ச்சாலைக்கும் மண்சாலைக்கும் பொதுவாகச் செய்யப்பட்ட, 'டூயல் ஸ்போர்ட்' என்று சொல்லப்படும் வகை. 2016-இல் வெளிவந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 411 சி.சி., ஒற்றைச் சிலிண்டர். முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17 அங்குலம். பெரிய முன்சக்கரம் குழிக்குள் விழாமல் அதன்மேல் ஏறிக் கடக்கும். ஆனால் நல்ல தார்ச்சாலையில் வளைவு வந்தால், அதே சக்கரம் திரும்பச் சற்றுத் தயங்கும். இரு நிலத்திலும் வாழ வல்லது, இரண்டிலும் முதற்பரிசு பெறாதது இவ்வண்டி. வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமும் பேசி வளரும் பிள்ளைகளைப் பெற்ற நமக்கு இஃது ஒன்றும் புதுமையன்று.

இவ்வண்டியின் குலமும் புலம்பெயர்ந்த குலமே. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து நிறுவனத்தோடு சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் 1955-இல் கூடி 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கிற்று. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தாய்நிறுவனம் 1970-ஆம் ஆண்டளவில் அடங்கிவிட்டது. சென்னைக் கிளையோ தழைத்து, 1977-இல் இங்கிலாந்துக்கே வண்டி அனுப்பத் தொடங்கியது. பிறந்த ஊரில் மறைந்து புகுந்த ஊரில் பெயர் விளங்க வாழ்ந்தவர்கள் மனிதருள் மட்டும் இருக்கிறார்கள் என்பதில்லை.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். வாரத்தின் ஐந்து நாள் கோப்புகளோடு கழியும். கோப்பில் ஒரு பிழை நேர்ந்தால் அது மூன்றாண்டு கழித்துத் தணிக்கையில் தலைகாட்டலாம், காட்டாமலும் போகலாம். வண்டியில் செய்த வேலை சரியா தவறா என்பது அன்று மாலையே தெரிந்துவிடும். கிழக்கேகோட்டையில், கோட்டைக்குள் அமைந்த எங்கள் தெருவில், வாசற்படிக்கும் வீதிக்கும் இடையே உள்ள சிறிய இடமே ஞாயிற்றுக்கிழமைகளில் என் பட்டறை. வேண்டிய ஸ்பேனரும் மண்ணெண்ணெய்ப் புனலும் சாலைக் கடைத்தெருவில் கிடைக்கின்றன. தமிழிலேயே விலை பேசி வாங்கலாம்.

பேணுதல் என்பது என்ன என்பதைச் செயினிடமிருந்து தொடங்கலாம். அதன் கீழ்ப்புறத்தை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். மிகவும் தொய்ந்திருந்தால் பற்சக்கரத்தினின்றும் நழுவும். 'தொய்வே கூடாது' என்று இறுக்கிவிட்டாலோ, அதனினும் கேடு. இவ்வகை வண்டியில் பின்சக்கரம் மேடு பள்ளங்களுக்கேற்ப நெடுந்தூரம் ஏறி இறங்கும். அது மேலேறும்போது செயின் தானாகவே இறுகும். நிற்கும்போதே இறுக்கமாயிருந்தால், ஓடும்போது விட்டுக்கொடுக்க இடமின்றிக் கியர்ப்பெட்டியின் பேரிங்கைத் தின்றுவிடும். ஆகவே சாதாரண வண்டியைவிட இதற்குச் சற்றுக் கூடுதலான தொய்வு வேண்டும். எவ்வளவு என்பதை என் விருப்பம் தீர்மானிப்பதில்லை; வண்டியின் அமைப்பே தீர்மானிக்கிறது. துடைக்கும்போதும் அப்படியே. அழுக்கு விரைவில் போகட்டும் என்று கம்பித் தூரிகையால் தேய்த்தால், இணைப்புகளின் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் அறுந்துபோகும். மென்தூரிகையும் மண்ணெண்ணெயும் பொறுமையும் போதும்.

சக்கரத்தின் ஆரக்கம்பிகளைச் சோதிப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. சக்கரத்தை மெல்லச் சுற்றி, ஒவ்வொரு கம்பியையும் சிறு ஸ்பேனரால் தட்டிக்கொண்டே வர வேண்டும். இறுக்கமான கம்பி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மங்கிய ஓசை தரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பொன்முடி மலையடிவாரத்து மண்பாதைகளில் ஓடி வந்த வாரம் ஓரிரண்டு கம்பிகள் மங்கி ஒலிப்பதுண்டு. காற்று வடிகட்டியைத் திறந்தால் எந்தப் பாதையில் போனோம் என்பதைப் புழுதியின் நிறமே கூறும். அடைத்துக்கொண்டால் இயந்திரம் மூச்சுத் திணறிப் பெட்ரோலை வீணாக்கும். காற்று மிகட்டும் என்று வடிகட்டியையே எடுத்துவிட்டாலோ கலவை மெலிந்து இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறும். புழுதி சிலிண்டரைத் தேய்க்கும்.

இவற்றால் நான் அறிந்தது ஒன்று. பேணும்போது நான் பொருளுக்குக் கட்டளையிடுவதில்லை. அது சொல்வதைக் கேட்டு நடக்கிறேன். உடையவன் அங்கே ஊழியனாகிறான். ஆயுத பூஜையன்று வண்டிக்குச் சந்தனம் இட்டு மாலை சூட்டுகிறோம், நல்ல மரபுதான். ஆண்டின் எஞ்சிய நாட்களில் எண்ணெய் காணாத செயின் அந்த மாலையைப் பற்றி என்ன எண்ணும் என்று சில வேளை நான் நினைப்பதுண்டு.

அமெரிக்கரான ராபர்ட் பிர்சிக் 1974-இல் மோட்டார் சைக்கிள் பராமரிப்பையே பெயரிற் கொண்டு ஒரு தத்துவ நூல் வெளியிட்டார். 121 பதிப்பகங்கள் மறுத்த நூல் அது. பிர்சிக் இளமையில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்றவர். உலகம் மாயை என்று விளக்கிய பேராசிரியரிடம், ஹிரோஷிமாவில் விழுந்த அணுகுண்டும் மாயையா என்று கேட்டதையும், 'ஆம்' என்ற விடை கேட்டு வகுப்பை விட்டு வெளியேறியதையும் அந்நூல் சொல்கிறது. நம் மாயாவாதத்தை அவர் முழுதும் உணர்ந்தாரா என்பது வேறு வழக்கு. ஆனால் பிறருக்கு நேரும் துன்பத்தைத் தோற்றம் என்று தள்ள மறுத்த அந்த மனம் என்னை ஈர்க்கிறது. அதே நூலில் இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. நண்பருடைய விலையுயர்ந்த ஜெர்மானிய வண்டியில் கைப்பிடி தளர்ந்திருந்தது. காலியான பீர் டப்பாவிலிருந்து அலுமினியத் தகடு வெட்டி இடையே செருகலாம் என்று ஆசிரியர் சொல்ல, நண்பர் மனம் புண்பட்டுப் போகிறார். நம் ஊர்களில் இப்படி யாரும் புண்படமாட்டார்கள். பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றி முடுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். வேலைக்கு உகந்ததே மதிப்பிற்குரியது என்னும் அறிவு ஏழ்மை நமக்குத் தந்த கொடை.

இனி மாற்றுதலுக்கு வருவோம். பேணுதலில் நான் பொருளுக்குப் பணிகிறேன். மாற்றுதலிலோ பொருளை எனக்குப் பணியச் சொல்கிறேன். அதனாலேயே மாற்றம் எல்லாம் தீது என்று சொல்லமாட்டேன். செய்தவர்கள் பல்லாயிரவருக்குப் பொதுவாகச் செய்தார்கள். என் கையின் நீளமும் என் மனைவியின் முதுகுவலியும் அவர்கள் அறியாதவை. இருக்கையின் நுரையை மாற்றித் தைக்கச் செய்தேன். கைக்காப்பும் சுமைதாங்கியும் பூட்டினேன். மலையேற்றத்தில் இழுவை வேண்டி, முன்பற்சக்கரத்தில் ஒரு பல் குறைந்ததைப் பொருத்தினேன். ஏற்றத்தில் இயந்திரம் திணறுவது நின்றது. அதற்கு விலையாக, சமவெளியில் அது கூடுதலாகச் சுழல்கிறது, பெட்ரோலும் சற்று மிகுதியாகச் செலவாகிறது. இந்த விலையைக் கொடுப்பவன் நான். பக்கத்து வீட்டுக்காரர் அல்லர்.

ஒவ்வொன்றாய் மாற்றிக்கொண்டே போனால் இது பழைய வண்டிதானா? பாலி மொழியிலுள்ள 'மிலிந்த பன்ஹா'வில் நாகசேனர் என்னும் துறவி மிலிந்த மன்னனிடம் இத்தகைய வினாவைத்தான் எழுப்புகிறார்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று. இவற்றுள் எதுவும் தேரன்று, இவை கூடியவிடத்து வழங்கும் பெயரே தேர் என்பது அங்கு எய்தும் முடிவு. நம் போக்குவரத்து அலுவலகம் இவ்வளவு நுட்பம் பாராட்டுவதில்லை. அடிச்சட்டத்தில் பொறித்த எண் ஒன்றாயிருந்தால் வண்டியும் ஒன்றே என்பது அதன் தத்துவம். எழுத்தன் என்ற முறையில் அந்தத் தெளிவின்மேல் எனக்குப் பொறாமை உண்டு.

சட்டம் மாற்றத்தைப் பற்றியும் பேசியிருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, 2000-இல் திருத்தப்பட்ட பின், பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்றும் வேறுபடுமாறு வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. நம் கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில், உரிமையாளர்களுக்குச் சாதகமாக உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9-இல் விலக்கியது. நிறத்தை மாற்றலாம், சிறு பூட்டுகள் சேர்க்கலாம்; உற்பத்தியாளர் வகுத்த அடிப்படை அமைப்பை மாற்றலாகாது என்பது அதன் சாரம். அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம், ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமளித்தது. என் பற்சக்கரத்தைப் பற்றிக்கூட ஒரு வழக்கறிஞர் வினா எழுப்பக்கூடும்.

சட்டம் தடிமனான கோடு போடுகிறது. தெருவில் போகும் எல்லார்க்கும் தெரியவேண்டும் என்பதனால் அது தடிமனாய்த்தான் இருக்கவேண்டும். ஆயினும் செய்தவன் வகுத்ததே நீதி என்பதை என் மனம் முழுதும் ஏற்கவில்லை. உற்பத்தியாளரும் கடவுள் அல்லர். அறத்தின் கோடு வேறோரிடத்தில் ஓடுகிறது என்று நினைக்கிறேன். அதைத் தேட வேண்டிய கட்டாயம் எங்கள் வீட்டிலேயே நேர்ந்தது.

கல்லூரியில் படிக்கும் என் மகன் சைலன்சரை மாற்ற விரும்புகிறான். சேமித்த பணத்தில் தானே வாங்குவதாகச் சொல்கிறான். எடை குறையும், ஓசை கம்பீரமாய் இருக்கும் என்பது அவன் வாதம். சட்டத்தைக் காட்டி அவனை அடக்குவது எளிது. ஆனால் சட்டத்திற்கு அஞ்சி மட்டும் ஒன்றைச் செய்யாதிருப்பவன், காவலர் இல்லாத தெருவில் அதைச் செய்வான். மேலும் அவன் கேட்ட கேள்வி கூர்மையானது: "நீங்கள் மாற்றியது மட்டும் மாற்றம் இல்லையா, அப்பா?"

நான் சொன்ன விடை இது. இருக்கையை மாற்றினேன், அதில் அமர்பவர் நாம். பற்சக்கரத்தை மாற்றினேன், செலவு நம்முடையது. சைலன்சரின் ஓசையோ நம் வாசலைத் தாண்டிப் போய்விடுகிறது. தாண்டிய பின் அதற்கு நான் உடையவன் அல்லேன். அதைக் கேட்பவர்களே அதனைச் சுமப்பவர்கள். எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. அடுத்த வீட்டு மூதாட்டி இரவில் அரிதாகவே உறங்குபவர், எதிர்வீட்டில் கைக்குழந்தை. குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டு ஒலி விதிகள் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என அளவு வகுத்தன. எண்ணில் பத்துதான் வேறுபாடு. ஒலியாற்றலில் அது பத்து மடங்கு. அண்மைக்கால வண்டிகளில் புகையைத் தூய்மை செய்யும் பகுதியும் அந்தக் குழாயிலேயே இருக்கிறது. அதைக் கழற்றினால் தெருவார் காதோடு மூச்சும் நம் கணக்கில் ஏறும்.

அவன் உடனே ஒப்பவில்லை. இந்தக் கிழக்கேகோட்டையில் அமைதி எங்கே இருக்கிறது என்று கேட்டான். பழவங்காடியில் நாள் முழுதும் தேங்காய் உடைபடுகிறது, பேருந்துகள் அலறுகின்றன, புத்தரிக்கண்டத்தில் கூட்டம் நடந்தால் ஒலிபெருக்கி முழங்குகிறது, பத்மதீர்த்தத்துக்கு எதிரே மேத்தன் மணிகூட மணிக்கொருமுறை வாய் திறக்க, இரண்டு ஆட்டுக்கடாக்கள் வந்து கன்னத்தில் முட்டுகின்றன. இத்தனை ஓசையில் என் ஓசை மட்டும் குற்றமா என்றான்.

எளிய கேள்வியன்று இது. மேத்தன் மணி ஊருக்குக் காலம் சொல்ல வைத்தது. அதன் ஒலியில் எவருக்கும் பங்குண்டு. விழாவும் கூட்டமும் இன்ன நாள் என முன்னரே தெரிவன. வேண்டாதவர் எதிர்த்துப் பேசவும் மனுக் கொடுக்கவும் இடமுண்டு. உன் சைலன்சருக்கு நாள் இல்லை, நேரம் இல்லை, பங்காளியும் இல்லை. யாரிடமும் அது இசைவு கேட்கவில்லை என்றேன். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் நீயே போய்க் கேள், அவர் மனமார இசைந்தால் மேற்கொண்டு பேசுவோம் என்றும் சொன்னேன். சட்டம் அதன்பிறகும் குறுக்கே நிற்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

இதுவரை அவன் போய்க் கேட்கவில்லை. சென்ற ஞாயிறன்று ஆரக்கம்பிகளைத் தட்டிக்கொண்டிருந்தபோது, தானாகவே வந்து அருகில் அமர்ந்தான். ஏழாவதோ எட்டாவதோ கம்பி மங்கி ஒலித்தது. நான் சொல்லும் முன்பே அவன் கை அதைப் பிடித்திருந்தது.