விரல்களும் வரலாறும்

ஒரு கருவியின் வரலாறு யாருடைய வரலாறு? அதனைச் செய்தவருடையதா, அதனோடு பழகியவருடையதா? மனிதனும் கணினியும் எதிர்ப்படும் இடமாகிய திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றை இடைமுகம் என்கிறோம். அவ்விடைமுகத்தின் வரலாறு எழுதப்படும் முறை இவ்வினாவை எழுப்புகின்றது.

அவ்வரலாறு பெரும்பாலும் ஒரே தடத்திற் செல்வது. 1968 டிசெம்பர் 9 ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் சுட்டியைக் கொண்டு கணினியை இயக்கிக் காட்டினார். 1973 இல் ஸெரொக்ஸ் ஆய்வாளர்கள் ஆல்ட்டோவை உருவாக்கினர். 1984 இல் அப்பிள் நிறுவனம் மக்கின்டோஷை விற்பனைக்கு விட்டது. எங்கல்பார்ட்டுக்குச் சில கிழமைகள் முன்னரே ஜெர்மனியின் டெலிபுங்கன் நிறுவனம் சுட்டியொன்றை அறிமுகஞ் செய்திருந்தது என்பாரும் உளர். முதன்மை யாருக்கு என்னும் வழக்கே வரலாறாகிவிடுகின்றது. வழக்காடுவோர் அனைவரும் செய்தவர்களே. பழகியவருக்குச் சாட்சிக் கூண்டிலும் இடமில்லை.

தமிழிலும் நிலை வேறன்று. யாழ்ப்பாணத்திற் பிறந்து சிங்கப்பூர் சென்ற இரா. முத்தையா தமிழ்த் தட்டெழுத்துப் பொறிக்கு விசைப்பலகை வகுத்தவர் எனப் போற்றப்படுகின்றார்; அது தகும். ஆயின் அப்பொறியிற் புள்ளிக்குரியது நகரா விசை. அதனை அழுத்தினாற் புள்ளி பதியும், தாள் நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அப்புள்ளியின் கீழ் அமையும். எனவே, கையெழுத்தில் இறுதியில் இடும் புள்ளியை விரல் முதலில் இடப் பழகவேண்டியதாயிற்று. 1999 இல் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில், ஒரே மெய்க்குரிய விசையை இருமுறை அழுத்தினால் முன்னெழுத்துக்குப் புள்ளி தானே அமைகின்றது. மனிதன் சுமந்ததைப் பொறி ஏற்றுக்கொண்டது. அதுவரை சுமந்தவர் யாவர்?

பழக்கம் ஆவணம் விட்டுச் செல்வதில்லை, ஆவணமற்றதை எழுதுதல் கற்பனையே என்று வரலாற்றாசிரியர் கூறலாம். இத்தடை நியாயமானது. மட்டக்களப்புப் பிரதேசத்துக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் இதனை நன்கறிந்திருப்பார். வழக்கொழிந்த யாழினைச் சிலப்பதிகாரம் முதலிய நூல்களின் துணையால் ஆராய்ந்து, 1947 இல் யாழ் நூலை வெளியிட்டார். நரம்புகளின் அளவையும் இசையின் கணக்கையும் நூல்களிலிருந்து மீட்க முடிந்தது. யாழை வருடிய விரலின் பழக்கமோ விரலோடு மறைந்தது.

நமக்கு அந்நிலை இன்னும் நேரவில்லை. தட்டெழுத்துப் பொறியிலிருந்து கணினிக்கு மாறியவர்கள் வாவியின் இரு கரைகளிலும் நம்மிடையே வாழ்கின்றனர். பொறியை நூதனசாலையில் வைக்கலாம். விரலின் அறிவை வைத்தல் இயலாது. எந்த விசை கையை வருத்தியது, எதனை மறந்து எதனைப் புதிதாய்க் கற்க நேர்ந்தது என அவர்களிடம் கேட்டு எழுதுதல் வேண்டும். அஃது அவர்கள்மீது காட்டும் இரக்கமன்று. அவர்கள் அடித்த பக்கங்களைப் படித்து வளர்ந்த நாம் தீர்க்கவேண்டிய கடன்.