வாசலில் காத்திருந்தவர்கள்

 

 

அரபிக் கல்லூரியில் சேர்ந்த புதிதில் ‘ஆஜுர்ரூமிய்யா’ என்ற சின்னஞ்சிறு இலக்கணக் கிதாபை ஓதினேன். அரபு இலக்கணம் எழுதியவர் அரபியராகத்தான் இருப்பார் என்று நினைத்திருந்தேன். பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது, அதன் ஆசிரியர் இப்னு ஆஜுர்ரூம் (ரஹ்) ஒரு பர்பர் என்று. மொராக்கோவின் ஃபாஸ் நகரத்துக்காரர், ஸன்ஹாஜா கோத்திரம், ஹிஜ்ரி 723ல் வஃபாத்தானவர். ஆஜுர்ரூம் என்பதே பர்பர் சொல்தான். உலகப் பற்றற்ற ஃபகீர் என்று அதற்குப் பொருள்.

நம் வீடுகளில் ஓதப்படும் புர்தா ஷரீஃபை இயற்றிய இமாம் பூஸிரீ (ரஹ்) எகிப்தில் பிறந்தவர்கள். வம்சம் அதே ஸன்ஹாஜா. தலாயிலுல் கைராத்தைத் தொகுத்த இமாம் ஜஸூலி (ரஹ்) மொராக்கோவின் ஸூஸ் பகுதியைச் சேர்ந்த பர்பர்.

யார் இந்த பர்பர்கள்? வட ஆப்பிரிக்காவின் பூர்வகுடி மக்கள். மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா, லிபியா எனப் பரவி வாழ்கிறார்கள். தங்களை அவர்கள் ‘அமாஸிக்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். சுதந்திரமானவர் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். அவர்களுக்குத் தனி மொழி உண்டு, திஃபினாக் என்ற தனி எழுத்தும் உண்டு. 2011ல் மொராக்கோவும் 2016ல் அல்ஜீரியாவும் அந்த மொழியை அரசியல் சாசனத்தில் ஆட்சி மொழியாக ஏற்றன.

ஹிஜ்ரி 92, அதாவது கி.பி. 711ல் தாரிக் பின் ஸியாத் (ரஹ்) தலைமையில் ஸ்பெயினில் இறங்கிய படையில் பெரும்பாலோர் இந்த பர்பர்கள்தான். தாரிக்கும் பர்பர் என்பதே பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கருத்து. ‘ஜபல் தாரிக்’ என்ற அவரது மலையைத்தான் இன்று ஜிப்ரால்டர் என்கிறார்கள்.

சகோதரர்களே! இவ்வளவு செய்தவர்களை நாம் எப்படி நடத்தினோம்?

உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) கலீஃபாவானதும், இஸ்லாத்தை ஏற்றவர்களிடம் ஜிஸ்யா வாங்குவதைத் தடுத்தார்கள். மார்க்கம் கற்றுக்கொடுக்க தாபியீன்களில் பத்து ஆலிம்களை அந்தப் பகுதிக்கு அனுப்பினார்கள். பர்பர்கள் கூட்டம் கூட்டமாக இஸ்லாத்துக்குள் வந்தார்கள்.

அவர்களின் காலம் இரண்டரை வருடங்களில் முடிந்தது. பின்னால் வந்த ஆளுநர்கள், கலிமா சொன்ன மக்களைத் தோற்கடிக்கப்பட்ட எதிரிகளைப் போல நடத்தினார்கள். போரில் முன்வரிசைக்கு பர்பர்; கனீமத்துப் பொருளைப் பங்கிடும்போது அவர்களுக்கு இடமில்லை. குட்டியின் மென்மையான வெள்ளைத் தோலுக்காக அவர்களுடைய சினை ஆடுகளின் வயிறுகள் கிழிக்கப்பட்டன. நீதி கேட்டு ஒரு தூதுக்குழு டமாஸ்கஸ் வரை போனது. கலீஃபா ஹிஷாமின் வாசலில் காத்துக் கிடந்தார்கள், கைச்செலவும் தீர்ந்தது, உள்ளே அனுமதி கிடைக்கவில்லை என்று வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன.

ஹிஜ்ரி 122ல் தஞ்சாவில் கிளர்ச்சி வெடித்தது. அவர்கள் இஸ்லாத்தைத் தூக்கி எறியவில்லை. அநீதியைத்தான் எதிர்த்தார்கள். ஆனால், சமத்துவம் பேசிய கவாரிஜ்களின் பக்கம் போய்விட்டார்கள். ஒரு வாசல் திறக்காததால் உம்மத்தில் விழுந்த விரிசல் அது.

அல்ஜீரியப் பாலைவனத்தில் மிஸாப் பள்ளத்தாக்கு இருக்கிறது. கர்தாயா முதலான ஐந்து ஊர்கள். அங்கே வாழ்பவர்கள் இபாழிய்யா பிரிவைச் சேர்ந்த பர்பர்கள். அவர்களுடைய சில கொள்கைகளில் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த ஊர்களின் அமைப்பைப் பாருங்கள். குன்றின் உச்சியில் பள்ளிவாசல். அதன் மினாரா ஊருக்குக் காவல் கோபுரம். பள்ளிக்குள்ளேயே தானியக் கிடங்கு. சுற்றிலும் வட்டம் வட்டமாக, ஆடம்பரமில்லாத ஒரே மாதிரி வீடுகள். 1982ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஊர் முழுவதும் பள்ளியை நோக்கி நிற்கிறது. பள்ளி ஊரின் பசியையும் கவனித்தது.

இப்போது நம் பள்ளிக்கு வருவோம். அரபிக்கு அஜமியை விட மேன்மையில்லை, தக்வாவைக் கொண்டே தவிர என்று பெருமானார் (ஸல்) இறுதி ஹஜ்ஜில் எச்சரித்தார்கள். அதைச் சொல்லும்போது நாம் ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்கிறோம். அதே நாவால், புதிதாக இஸ்லாத்துக்கு வந்த சகோதரர் பெண் கேட்டால், ‘அவங்க எந்த வம்சம்?’ என்று கேட்கிறோம். வேறு மொழி பேசும் தொழிலாளி முதல் ஸஃப்பில் நின்றால் முகம் சுளிக்கிறோம். அவர் கூலி பாக்கியைச் சொல்லி ஜமாஅத் அலுவலகம் வந்தால், ‘அப்புறம் வாங்க’ என்கிறோம்.

அன்று டமாஸ்கஸில் மூடியிருந்த வாசல் அரண்மனை வாசல். நம் வீட்டு வாசலும் ஜமாஅத் அலுவலக வாசலும் அதைப் போல ஆகிவிடக் கூடாது. இன்று தொழுகை முடிந்ததும் உங்கள் பக்கத்தில் நின்ற அறியாத முகத்துக்கு ஸலாம் சொல்லுங்கள், பெயரைக் கேளுங்கள், சாப்பிட்டாரா என்று விசாரியுங்கள். நாளை உங்கள் பேரனுக்கு மார்க்கம் கற்றுக்கொடுக்கும் உஸ்தாத் அவருடைய மகனாகவும் இருக்கலாம்.

யா அல்லாஹ்! குலப் பெருமையை எங்கள் உள்ளங்களிலிருந்து நீக்குவாயாக! உன் வீட்டுக்கு வருபவரை ஒருபோதும் வாசலில் நிறுத்தாத சமுதாயமாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.