இரண்டு நெருப்பு

வடலூரில் 1867-இல் வள்ளல் பெருமான் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை. பசித்து வந்தவனுக்கு அங்கே சோறு உண்டு. சாதி கேட்க மாட்டார்கள்.

இன்னொரு நெருப்பும் இருக்கிறது. கீழ்வெண்மணியில் விவசாயத் தொழிலாளர்கள் கூலி நெல் அரைப்படி கூடக் கேட்டார்கள், அதற்காக மிராசுதாரர் தரப்பு வைத்த நெருப்பு அது. 1968 டிசம்பர் 25 இரவு, பயந்து ஒரே குடிசைக்குள் ஒடுங்கியவர்களில் 44 பேர் கருகிப் போனார்கள். பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள்.

அந்தச் சாம்பலைத் தேடி வந்தார் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். வள்ளல் பெருமானின் அருட்பெருஞ்ஜோதியைத் தொழுத அம்மா அவர். நிலமில்லாத தலித் குடும்பத்தில் 1926-இல் பிறந்தவர். நிறைமாத வயிற்றோடு தாய் நாகம்மாள் பாடுபட்டதைச் சின்ன வயதிலேயே கண்ணால் பார்த்தவர். நாமாக இருந்தால் ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். அம்மா அங்கேயே தங்கிவிட்டார்.

கோபம் வரவில்லையா? வந்தது. அந்தக் கோபத்தை அவர் அடுப்பாக்கினார். 1981-இல் உழுபவர்க்கு நிலம் என்று லாஃப்டி இயக்கத்தைத் தொடங்கினார். மிராசுதாரர் வீட்டுப் படியேறிப் பேசினார், வங்கிக் கடனுக்கு அலைந்தார், வாங்கிய நிலத்தைப் பெண்கள் பெயரில் பதிந்து கொடுத்தார். பட்டாவில் தன் பெயர் இருப்பதைத் தடவிப் பார்க்கிற கைக்கு எந்தப் பிரசாதம் ஈடாகும்?

இதற்கு அவர் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். நாடு விடுதலையான பிறகுதான் கல்யாணம் என்று காத்திருந்து, 1950-இல் ஜெகந்நாதனைக் கைப்பிடித்தார். கணவர், நிலமில்லாதவர்க்கு நிலக்கொடை கேட்டு வினோபா நடத்திய பூதான நடைக்காக வடக்கே போய்விட்டார். இவர் சென்னையில் படிப்பை முடிக்க நின்றார். புதுப் பெண்ணுக்குக் கடிதம்தான் துணை. பிறகு நெருக்கடி நிலையில் கணவருக்குச் சிறை. இரண்டு பிள்ளைகளைப் பெற்ற தாய்க்கு வீடு என்று ஓரிடம் நிலைத்ததில்லை. எழுபதை நெருங்கும் வயதில், வயலை உப்பாக்கிய இறால் பண்ணைகளை எதிர்த்துக் கிராமத்துப் பெண்களோடு போய் உட்கார்ந்தார். அடியாட்கள் வந்தார்கள், வழக்குகள் வந்தன. 1996-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் பண்ணைகள் ஒழிந்துவிடவில்லை. 2013-இல் கணவரும் போய்ச் சேர்ந்தார்.

தியாகி என்று மாலை போட்டுவிட்டால் நம் கடன் தீர்ந்ததாக நினைக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது பெரிய சேதியும் இல்லை.

வருகிற தைப்பூசத்துக்கு வடலூர் போகிறவர்கள், ஜோதி பார்த்த கையோடு தெற்கே கீழ்வெண்மணிக்கும் ஒருமுறை போய்வாருங்கள். 44 பேருடைய பெயர்களும் அங்கே கல்லில் இருக்கின்றன. நின்று, ஒவ்வொன்றாகப் படியுங்கள்.