கவனமாக இரு என்று சொல்வதற்கு முன்

கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரத்தில், திருக்கோகர்ணத்தில் இருக்கும் என் வீட்டுக்கு அவள் வந்தாள். இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு. சொந்த ஊர் சாத்தூர் பக்கம். புதுக்கோட்டையில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறாள். காபி டம்ளரை வாங்கிய விரல்களின் நகக்கண்களில் வெள்ளிச் சாம்பல் போல ஏதோ படிந்திருந்தது.

“மருந்தும்மா. அலுமினியப் பவுடர். தேய்ச்சாலும் சீக்கிரம் போகாது.”

விடுமுறை முழுக்கப் பட்டாசு ஆலையில் வேலை பார்த்திருக்கிறாள். கல்லூரிக் கட்டணம், பஸ் செலவு, தம்பிக்குப் புத்தகம். அடுத்த விடுமுறைக்கும் போகவேண்டியிருக்கும் என்றாள். என் வாயில் வந்தது ஒரே வாக்கியம்தான்.

“கவனமா இரு, தங்கம்.”

அவள் சிரித்தாள். “கவனமாப் பண்ணினா கூலி கட்டாதும்மா. எண்ணிக்கைக்குத்தானே காசு.”

அவள் போன பிறகும் அந்தப் பதில் என்னை விட்டுப் போகவில்லை. அக்கறை என்று நினைத்து நான் சொன்ன சொல், அவள் தலையில் இன்னொரு சுமையை ஏற்றியிருக்கிறது. கவனம் என்பது நேரம். நேரம் என்பது அவளுடைய கூலி. அப்படியானால் தன் உயிரைக் காத்துக்கொள்ள அவளே தன் கூலியிலிருந்து செலவழிக்க வேண்டும் என்றுதானே நான் சொல்லியிருக்கிறேன்?

தமிழ் கற்பிக்கிறவள் என்பதால் விபத்துச் செய்திகளின் வாக்கியங்களை என்னால் சும்மா கடந்துபோக முடிவதில்லை. ‘மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு வெடி விபத்து நிகழ்ந்தது.’ எத்தனை முறை படித்திருக்கிறோம்! உராய்வு ஏற்பட்டது, விபத்து நிகழ்ந்தது. செய்தவர் என்று எவருமில்லை. செய்தவரைத் தேடினால் கடைசியில் கண்ணில் படுவது மருந்தைத் தொட்ட கை மட்டும். அந்தக் கைக்கு உரியவள் பெரும்பாலும் உயிரோடு இருப்பதில்லை. ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதும்போது மறுத்துப் பேச அவள் இல்லை.

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்தது. இருபது பேராவது இறந்தார்கள். கட்டணம் கட்டுவதற்காக வேலைக்கு வந்திருந்த கல்லூரி மாணவி ஒருவரும், கருவுற்றிருந்த பெண் ஒருவரும் அவர்களில் இருந்ததாக அன்றைய செய்திகள் சொல்லின. அதற்கு முன் 2012 செப்டம்பர் 5 அன்று, ஆசிரியர் தினத்தில், சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் கிட்டத்தட்ட நாற்பது பேர் மாண்டார்கள். ஒரு கை தவறியிருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கை தவறினால் ஒருவருக்குக் காயம்பட வேண்டும். இருபது பேர், நாற்பது பேர் ஏன் சாக வேண்டும்?

பட்டாசு ஆலைக்கான பாதுகாப்பு விதிகளைப் படித்துப் பாருங்கள். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடையே போதிய இடைவெளி வேண்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். தீப்பொறி தரும் இரும்புக் கருவி கூடாது. கலந்த மருந்தைக் குவித்து வைக்கக் கூடாது. பாலியெஸ்டர் கூடாது, பருத்தி உடுத்த வேண்டும். இவற்றில் பல, ‘தவறு செய்யாதே’ என்று தொழிலாளியிடம் சொல்பவை அல்ல. கை ஒருநாள் தவறத்தான் செய்யும், அப்போது சாவு எட்ட முடியாதபடி முன்கூட்டியே இடம் அமைத்து வை என்று ஆலை நடத்துகிறவரிடம் சொல்பவை. விதி என்பது மனிதத் தவறுக்கு முன்னதாகவே வழங்கப்பட்ட மன்னிப்பு என்று எனக்குப் படுகிறது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளைத் துண்டு துண்டாகக் குத்தகைக்கு விட்டு, நால்வர் அறையில் எட்டுப் பேரை உட்கார வைக்கும்போது பறிபோவது அந்த மன்னிப்புதான். பறித்தவரை விட்டுவிட்டு மன்னிப்பை இழந்தவளைக் குற்றம் சொல்கிறோம்.

பருத்தி உடை என்ற விதியையே எடுத்துக்கொள்வோம். செயற்கை இழைத் துணி உரசும்போது நிலைமின்சாரம் உண்டாகும். அதன் சிறு பொறியே மருந்துக்குப் போதும். ஆனால் கூலிக்குப் போகும் பெண்ணுக்குக் கட்டுப்படியாவதும், துவைத்தவுடன் காய்வதும் பாலியெஸ்டர் புடவைதான். பருத்திச் சீருடை வாங்கித் தராமல் ‘பருத்தி உடுத்து’ என்று மட்டும் சொன்னால் அது விதியா, பழியை இடம் மாற்றும் தந்திரமா?

வயது பற்றிய கேள்வி இங்கேதான் வருகிறது. 1991இல் சிவகாசிப் பகுதியில் நடந்த விபத்தை உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து கவனத்தில் கொண்டது. 1996 டிசம்பர் 10 அன்று எம்.சி. மேத்தா வழக்கில் தீர்ப்பளித்தபோது, ஆபத்தான தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் செலுத்த வேண்டும் என்றது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. 14 முதல் 18 வயது வரையிலான வளரிளம் பருவத்தினரைச் சுரங்கங்களிலும், எளிதில் தீப்பற்றும் பொருட்கள், வெடிபொருட்கள் சார்ந்த வேலைகளிலும் அமர்த்தக் கூடாது என்று ஆனது. பெரிய முன்னேற்றம்தான்.

என் மாணவிக்கு 19 வயது. சட்டப்படி அவள் அங்கே உட்காரலாம். பதினெட்டு முடியும் வரை அவளுக்காகச் சட்டம் ‘முடியாது’ என்று சொன்னது. மறுநாள் முதல் அவளே சொல்லிக்கொள்ள வேண்டும். சொல்ல அவளுக்கு யார் கற்றுத் தந்தார்கள்?

வீட்டில் நாம் கற்றுத் தந்தது வேறு. எதிர்த்துப் பேசாதே. பெரியவங்க சொன்னா கேளு. கொஞ்சம் பொறுத்துப் போ. இடமில்லையென்றாலும் ஒதுங்கி உட்கார்ந்துகொள். பட்டாசுத் தொழிலில் பெண்கள் இவ்வளவு பேர் இருப்பதற்குக் காரணம் கேட்டால், ‘அவங்களுக்குக் கை நுணுக்கம், பொறுமை அதிகம்’ என்பார்கள். சொல்லாமல் விடுவது, பெண்பிள்ளை கேள்வி கேட்கமாட்டாள் என்பதை. நால்வர் அறையில் ஐந்தாவதாக உட்காரச் சொன்னால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அடக்கம் என்று நாம் பாராட்டி வளர்த்த குணம், மருந்து அறைக்குள் அலுமினியப் பவுடரைப் போலவே ஆபத்தான பொருளாகிவிடுகிறது. இதை எழுதும்போது என் வகுப்பறையும் நினைவுக்கு வருகிறது. கேள்வி கேட்காமல் குறிப்பெடுக்கும் பெண்ணை ‘நல்ல பிள்ளை’ என்று நானும்தான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

அடுத்த விடுமுறைக்கு முன் நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். அறையில் எத்தனை பேர்? வெளியேறும் வழி எங்கே? கலந்த மருந்து எவ்வளவு கிடக்கிறது? நாள்கூலியா, எண்ணிக்கைக் கூலியா? பதில் சரியில்லையென்றால் எழுந்து வந்துவிடு என்றேன். ஏதோ சாதித்துவிட்ட நிறைவு எனக்கு.

மே மாதம் ஒருநாள் இரவு போன் வந்தது.

“அம்மா, ஆறாவது ஆளா உட்காரச் சொன்னாங்க. மாட்டேன்னு வெளிய வந்துட்டேன்.”

“நல்ல காரியம் பண்ணின.”

“இல்லம்மா... மறுநாள் போனா என் எடத்துல வேற பிள்ளை உட்கார்ந்திருக்கு. என்னைவிடச் சின்னப் பிள்ளை.”

என் தாளில் அதற்கு விடை இல்லை. தனியொருத்தியின் மறுப்பு அவளைக் காப்பாற்றலாம். ஆனால் காலியான இடம் காலியாக இருப்பதில்லை. அங்கே வந்து உட்காருகிறவள் அவளைவிட எளியவள். ‘முடியாது’ என்ற சொல்லைத் தனியாகச் சொல்லும்போது ஆபத்து ஆள் மாறுகிறதே தவிரக் குறைவதில்லை. தனி மனித ஒழுக்கமாக மட்டும் அறத்தைப் பேசுகிற நம் பழக்கம் முட்டி நிற்கும் இடம் இது.

தீப்பெட்டித் தொழிலின் வரலாற்றிலேயே வேறொரு விடை இருக்கிறது. 1888இல் லண்டனில் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டி ஆலையில் சிறுமிகளும் இளம்பெண்களும் வெள்ளைப் பாஸ்பரஸை நுகர்ந்தபடி வேலை செய்தார்கள். அது தாடை எலும்பை அரித்துவிடும் நஞ்சு. அவர்கள் நிலைமையை எழுதி வெளியிட்டவர் அன்னி பெசன்ட், பிற்காலத்தில் நம் அடையாறில் வாழ்ந்த அதே பெசன்ட் அம்மையார். அவர் எழுதியது பொய், நாங்கள் நலமாக இருக்கிறோம் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடும்படி நிர்வாகம் சொன்னது. பெண்கள் போடவில்லை. ஒருத்தியை வேலையிலிருந்து நீக்கியதும் சுமார் 1,400 பேர் சேர்ந்து வெளியே வந்தார்கள். காலியான இடத்தில் உட்கார வைக்க ஆள் இல்லை. சில வாரங்களில் அபராதங்கள் ஒழிந்தன. நஞ்சு படாமல் உணவு உண்ணத் தனி அறை என்ற கோரிக்கையும் ஏற்கப்பட்டது. பாஸ்பரஸ் ஒழிய இன்னும் பல ஆண்டுகள் ஆயின என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சேர்ந்து கேட்டும் செவிசாய்க்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு நியூயார்க் சாட்சி. 1909இல் அந்நகரத்துத் தையல் பெண்களின் பெரும் வேலைநிறுத்தத்தில் டிரையாங்கிள் சட்டை ஆலைப் பெண்களும் நின்றார்கள். 1911 மார்ச் 25 அன்று அந்த ஆலையில் துணிக் குவியலில் தீப்பற்றியபோது, வெளியேறும் கதவு பூட்டியிருந்தது. இறந்த 146 பேரில் 123 பேர் பெண்கள். சிலருக்கு வயது 14. அந்தக் கதவுக்கு முன்னால் நின்ற சிறுமியிடம் ‘கவனமாக இரு’ என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

நம் மாவட்டத்துப் பெண்களுக்குச் சேர்ந்து செய்வதன் பலம் புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். தனியாக ஒருத்தி ஏறியிருந்தால் ஊர் சிரித்திருக்கும். லட்சம் பேர் ஏறியதும் ஊர்தான் பழகிக்கொண்டது. ‘அஞ்சாவது ஆள் உட்காரமாட்டோம்’ என்ற வாக்கியத்தையும் அப்படிப் பழக்க முடியாதா? அதில் ‘மாட்டேன்’ என்பது ‘மாட்டோம்’ ஆக வேண்டும் என்பதுதான் முக்கியம்.

தீபாவளிக்கு என் மகனுக்கு நானும் பட்டாசு வாங்கியவள்தான். பெட்டியில் விலை அச்சிட்டிருக்கும். யார் செய்தது, எத்தனை பேர் இருந்த அறையில் செய்தது என்பது இருக்காது. ஆகவே இதை யாரையோ நோக்கி விரல் நீட்டி எழுதவில்லை.

அவள் இப்போது மூன்றாம் ஆண்டு. சித்தி வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில், விடுமுறையில் வேலைக்குப் போகும் ஏழெட்டுப் பெண்கள் கூடுகிறார்கள். ஆலை, நூல் மில், துணிக்கடை என்று வேலை வேறுவேறு. அந்தத் தாளை அவர்கள் திருத்தி எழுதியிருக்கிறார்கள். நான் எழுதிய கடைசி வரி, ‘பதில் சரியில்லையென்றால் எழுந்து வந்துவிடு’ என்பது. அதை அடித்துவிட்டு அவள் கையெழுத்தில் வேறொன்று இருக்கிறது: ‘எழுவதற்கு முன் பக்கத்தில் இருப்பவளிடம் சொல்.’